பழைய சின்னக் காரில் புதிய இருக்கை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

என் பழைய காரில் புதிய இருக்கையைப் பொருத்திய மூன்றாம் நாள், பிரேக்கைச் சற்று அழுத்தி மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இருக்கை ஒரு பல் முன்னால் நகர்ந்து, முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் போய் முட்டியது. இறங்கிப் பார்த்தால் நான்கு போல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. இருக்கை முன்னும் பின்னும் நகரும் ரெயிலில் ஒரு குறையும் இல்லை. பூட்டும் நன்றாகவே விழுவதுபோல் தெரிந்தது. இரண்டு மணி நேரம் இருக்கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் தரையில் ரசமட்டத்தை வைத்தேன். கதவுப் பக்கத்துக்கும் நடுமேட்டுப் பக்கத்துக்கும் (இரண்டு முன்னிருக்கைக்கும் நடுவே தரையில் ஓடும் மேடு) எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

இந்த வேலையில் கோளாறு இருக்கையில் தெரியும். பெரும்பாலும் தரையில் இருக்கும். 1957-இல் வந்த ஃபியட் 500-இன் அகலம் 1.32 மீட்டர். 1959-இல் வந்த மினியின் அகலம் 1.4 மீட்டர், நீளம் சுமார் 3.05 மீட்டர். இவற்றின் தரை மெல்லிய தகரத்தை அச்சில் அழுத்திச் செய்தது. பிறகு பல ஆண்டுகள் துருவும் வெல்டிங்கும் பட்டது. இன்றைய இருக்கையோ அதற்கென்றே வடிவமைத்த தட்டையான, தடித்த தரைமேல் உட்காரப் பிறந்தது. இரண்டையும் சேர்க்கும்போது வரும் தொல்லைகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இருக்கையின் அடியில் மஞ்சள் இணைப்பான் தொங்குகிறது

கையை எடுங்கள். மஞ்சள் உறை போட்ட கம்பியோ இணைப்பானோ இருந்தால், அந்த இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது, அல்லது பெல்ட் கொக்கியை வெடித்து இழுக்கும் இறுக்கி இருக்கிறது என்று பொருள். இரண்டுக்குள்ளும் வெடிமருந்து உண்டு. மல்டிமீட்டர் வைத்து 'மின்சாரம் ஓடுகிறதா' என்று சோதிக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. இங்கே அந்த மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே வெடிக்க வைக்கப் போதுமானதாக இருக்கலாம். கம்பியை வெட்டுவதும் கூடாது. இருக்கை இன்னும் அதன் சொந்தக் காரிலேயே இருந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டியில் தேங்கிய மின்னேற்றம் வடியச் சில நிமிடங்கள் காத்திருந்து, அதன்பிறகே இணைப்பானைப் பிரிக்க வேண்டும்.

பழைய காரில் அந்த ஏர்பேக்கால் எந்தப் பயனும் இல்லை. மோதலை உணரும் கருவி அங்கே கிடையாது. ஆகவே, ஏர்பேக் இல்லாத இருக்கையைத் தேடி வாங்குவதே நல்ல வழி. வாங்கியாகிவிட்டது என்றால், அதை அகற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள மற்ற எல்லா வேலையையும் வீட்டு வாசலில் செய்யலாம். இதை மட்டும் செய்யாதீர்கள்.

தலை கூரையில் இடிக்கிறது, அல்லது தொடை ஸ்டியரிங்கில் உரசுகிறது

எல்லோரும் முதலில் சந்திப்பது இதுதான். இதற்குக் காரணம் அநேகமாக அளவெடுத்த முறை. பழைய இருக்கையின் உயரத்தை நாடா வைத்து அளக்கிறோம், புதியதையும் அளக்கிறோம், ஒன்றாக இருக்கிறது என்று மகிழ்கிறோம். ஆனால் பழையதில் ரப்பர் பட்டையோ ஸ்பிரிங்கோ இருக்கும். உட்கார்ந்ததும் நன்றாக அமுங்கும். புதியதில் உள்ள ஃபோம் அந்த அளவுக்கு அமுங்காது. நாடாவில் ஒரே உயரம் காட்டும் இரண்டு இருக்கையிலும் தலை ஒரே இடத்தில் நிற்பதில்லை.

எனவே ஆளை உட்காரவைத்து அளக்க வேண்டும். பழைய இருக்கையைக் கழற்றுவதற்கு முன்பே, வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். உச்சந்தலைக்கும் கூரைத் துணிக்கும் இடைவெளி, தொடைக்கும் ஸ்டியரிங் வளையத்துக்கும் இடைவெளி, இடுப்புக்கும் கிளட்ச் மிதிக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் இன்னொருவரை விட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு புதிய இருக்கையைப் போல்ட் எதுவும் போடாமல், பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்துண்டுகளின் மேல் வைத்து உட்கார்ந்து பாருங்கள். துண்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தால், உங்களுக்கு வேண்டிய உயரம் எது என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். வண்டி நிற்கும்போது கூரைக்கும் தலைக்கும் நடுவே மடக்கிய கைமுஷ்டி ஒன்று போக வேண்டும். அதற்குக் குறைந்தால் முதல் குழியிலேயே தெரியும்.

உயரம் குறைக்க மூன்று இடம் உண்டு. முதலாவது, இருக்கையோடு வந்த கால்கள். அவை வேறொரு காரின் தரைக்காக வளைத்தவை. அவற்றைக் கழற்றிவிட்டு ரெயிலைத் தாழ்வான பிராக்கெட்டில் வைத்தாலே பெரும்பாலான உயரம் குறைந்துவிடும். இரண்டாவது, ரெயில். ஓட்டுநர் ஒருவரே, ஒரே உயரக்காரர் என்றால் ரெயிலே இல்லாமலும் பொருத்தலாம். ஆனால் வீட்டில் வேறு யாரும் அந்தக் காரைத் தொட முடியாது. மூன்றாவது, ஃபோம். உறையைக் கழற்றி, அடிப்பக்கத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை சீவலாம். முன்விளிம்பில் மேடாக இருக்கும் பகுதியை மட்டும் தொடக்கூடாது. மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவி முன்னே போகாமல் தடுப்பது அந்த மேடுதான்.

தரையில் குறுக்காக ஓடும் மேடான சட்டத்தை வெட்டித் தாழ்த்தும் யோசனை யாருக்கும் ஒருமுறையாவது வரும். எனக்கும் வந்தது. மினி போன்ற கார்களுக்குத் தனியே சேஸி கிடையாது, உடற்கூடே சேஸி. அந்தக் குறுக்குச் சட்டம் தரையை முறுக்காமல் பிடிக்கிறது, பக்கவாட்டு மோதலைத் தாங்குகிறது. இருக்கைக்காக அதை வெட்டுவது, கட்டில் நுழையவில்லை என்று வீட்டின் உத்தரத்தை அறுப்பது மாதிரி. முதுகுச் சாய்மானத்தை அதிகமாகச் சாய்த்துத் தலையைத் தாழ்த்துவதும் தீர்வாகாது. கை ஸ்டியரிங்குக்கு எட்டாது, பெல்ட்டும் தோளில் படியாது.

நகர்த்தினால் பாதியில் சிக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் பூட்டுகிறது

என்னை முன்னால் தள்ளிய கோளாறு இது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியே ஒன்றும் தெரியாது.

இருக்கைக்கு இரண்டு ரெயில், இரண்டிலும் ஒவ்வொரு பூட்டு. முன்னால் இருக்கும் கம்பியைத் தூக்கினால் இரண்டு பூட்டும் ஒன்றாக விடுபடும். விட்டால் இரண்டும் ஒன்றாகப் பல்லுக்குள் விழும். ரெயில்கள் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், போல்ட்டை இறுக்கும்போது அவை முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கிய ரெயிலில் பூட்டு பல்லின் நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டு நிற்கும். சாதாரணமாக ஓட்டும்போது மறுபக்கப் பூட்டு ஒன்றே போதும். கடுமையாகப் பிரேக் போடும் அன்றுதான் உண்மை வெளியே வரும்.

சோதனை எளிது. இருக்கையை நடுவில் நிறுத்தி, கம்பியை விட்டபின், கைபேசியை ரெயிலின் பக்கமாகத் தரையோடு வைத்து இரண்டு பூட்டையும் படமெடுங்கள். பூட்டின் நாக்கு பல்லின் மறுபுறம் வரை வந்திருக்க வேண்டும். என் படத்தில் நடுமேட்டுப் பக்க நாக்கு முழுதாக வெளியே தெரிந்தது. கதவுப் பக்க நாக்கு பாதியில் நின்றது. இதை ஒவ்வொரு நிலையிலும் செய்யுங்கள். பிறகு பின்னால் ஏறி, சாய்மானத்தில் இரு கால்களையும் ஊன்றி, முன்னோக்கி உதைத்துத் தள்ளுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமான சோதனைதான். ஆனால் சாலையில் தெரிவதைவிட வாசலில் தெரிவது மேல்.

சரிசெய்யும் முறை: இருக்கையை எடுத்துவிட்டு ரெயில்களை மட்டும் தரையில் வையுங்கள். முன்முனைகளின் மேல் குறுக்காக ஒரு நேரான இரும்புப் பட்டை, பின்முனைகளின் மேல் இன்னொன்று. தரையளவுக்குக் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு பட்டையின் விளிம்பும் ஒரே கோட்டில் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று சாய்ந்து தெரிந்தால், தாழ்ந்த மூலை எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தச்சர்கள் பலகையின் கோணலைப் பார்ப்பதும் இப்படித்தான். அடுத்து, ரெயில்களுக்கு இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து ஒன்றாக்குங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாழ்ந்த மூலையை உயர்த்த வாஷர்களை அடுக்கடுக்காகப் போடுவது வழக்கம். நானும் முதலில் ஐந்து வாஷர் போட்டேன். அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், நாளடைவில் அமுங்கும், போல்ட் தளரும். தேவையான தடிமனில் ஒரே இரும்புத் துண்டைத் துளையிட்டுப் போடுங்கள். இருக்கையை மேலே வைத்து நான்கு போல்ட்டையும் கைவிரலால் மட்டும் ஏற்றுங்கள். இருக்கையை முழுதாக முன்னே தள்ளிப் பின்போல்ட்டுகளை இறுக்குங்கள். முழுதாகப் பின்னே தள்ளி முன்போல்ட்டுகளை இறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்குப் பிறகும் நகர்த்திப் பாருங்கள். எதை இறுக்கியதும் கனக்கிறதோ, முறுக்கு அந்த மூலையில் இருக்கிறது.

போல்ட் மூன்று சுற்று எளிதாகப் போகிறது, பிறகு இறுகிவிடுகிறது

ஸ்பானரை நீளமாக்கி இன்னும் பலம் கொடுக்காதீர்கள். மரை வேறு. பழைய பிரிட்டிஷ் கார்களில் 5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவில் அமைந்த நெருக்கமான மரை) போல்ட் அதிகம் இருக்கும். அதன் விட்டம் 7.94 மில்லிமீட்டர், புதிய இருக்கையோடு வரும் எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கும் விரலுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் யுஎன்எஃப்-இல் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது மரைக்கு மரை 1.06 மில்லிமீட்டர், எம்8-இல் 1.25. இரண்டு மூன்று சுற்று வரை ஏமாற்றி உள்ளே போய், பிறகு மரையைத் தின்னத் தொடங்கும். இறுகியது போலத் தோன்றும்; பாதி மரை போயிருக்கும்.

போல்ட்டின் தலையில் வலுவைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். பளபளப்பாக இருக்கிறதே என்று சாதாரண துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைப் போடுபவர்கள் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 8.8-ஐவிட வலு குறைந்தது. இந்த இடத்தில் அழகு வேண்டாம்.

பிரேக் போட்டால் இருக்கை முழுதும் தலையாட்டுகிறது

ஒருவர் காருக்குள் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடட்டும். நீங்கள் வெளியே, காருக்கு அடியில், டார்ச்சோடு. ரெயில் மட்டும் ஆடினால் அதனுள் உருளும் இரும்புக் குண்டுகள் தேய்ந்துவிட்டன. ரெயிலை மாற்ற வேண்டும். தகரமே மூச்சு விடுவதுபோல் மேலும் கீழும் போனால், வேலை பெரியது. போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் மெல்லிய விரிசல் ஓடியிருக்கிறதா என்று பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள்.

வெறும் தகரத்தில் துளையிட்டு அடியில் ஒரு வாஷர் போட்டு முடித்தால் இதுதான் நடக்கும். அடியில் அகலமான இரும்புத் தகடு வேண்டும். எவ்வளவு அகலம் என்பதற்கு எஃப்ஐஏ என்னும் உலகக் கார் பந்தய அமைப்பின் போட்டி விதிகளில் நெடுங்காலமாக உள்ள அளவை நான் பின்பற்றுகிறேன்: ஓர் இருக்கைக்கு நான்கு பிணைப்பு, 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட், ஒவ்வொரு பிணைப்பிலும் 40 சதுர சென்டிமீட்டர் தொடுபரப்பு, குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமன் எஃகு. ஏறக்குறைய உள்ளங்கை அளவுத் தகடு. மூலைகளை வட்டமாக அரைத்துவிடுங்கள். கூர்மையான மூலையே அடுத்த விரிசலைத் தொடங்கிவைக்கும். தகடு வைக்குமிடத்தில் துரு இருந்தால், முதலில் நல்ல தகரம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். துருவின் மேல் தகடு வைப்பது புண்ணின் மேல் சட்டை போடுவது.

புதிதாகத் துளையிடுமுன் கீழே என்ன ஓடுகிறது என்று பாருங்கள். மினியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அதன் தடித்த கேபிள் காரின் அடிவழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் அடிவழியாகத்தான். துளையிடும் கருவி மேலிருந்து இறங்கும்போது இவற்றில் எதைத் தொட்டாலும் அன்றைய பொழுது கெட்டது.

பெல்ட் கொக்கி எட்டவில்லை, அல்லது இடுப்பில் சரியாகப் படியவில்லை

இன்றைய இருக்கைகள் பலவற்றில் கொக்கி இருக்கையோடு சேர்ந்தே நகரும். வசதிதான். ஆனால் அப்போது மோதலின் இழுப்பில் பெரும்பங்கு இருக்கையின் நான்கு போல்ட்டுக்கும் அவற்றுக்கடியில் உள்ள தகரத்துக்கும் போகிறது. 75 கிலோ எடையுள்ள ஒருவர், புவியீர்ப்பைப்போல் இருபது மடங்கு வேகக் குறைப்பில் நிறுத்தப்பட்டால், பெல்ட் தாங்க வேண்டியது ஒன்றரை டன். இதற்காக அந்தப் பழைய தரையை யாரும் வடிவமைக்கவில்லை. எனவே இருக்கையில் உள்ள கொக்கியைக் கழற்றிவிட்டு, காரின் நடுமேட்டில் ஏற்கெனவே உள்ள பெல்ட் பிணைப்பைப் பயன்படுத்துங்கள். அதன் மரை 7/16 அங்குல யுஎன்எஃப், அங்குலத்துக்கு 20. இன்றும் பெல்ட்டுகளுக்குப் பரவலாகப் பயன்படும் அளவு. உங்கள் காரில் பெல்ட் பிணைப்பே இல்லையென்றால் இருக்கைக்கு முன் அந்த வேலை.

புதிய இருக்கையின் பக்கமேடு கொக்கியை மறைத்தால், நீளமான தண்டுள்ள கொக்கி வாங்கலாம். ஆனால் கொக்கி வயிற்றுக்கு மேல் வரக்கூடாது. பெல்ட் இடுப்பெலும்பின் மேல், தாழ்வாகப் படிய வேண்டும்.

கதவு சாத்தும்போது இடிக்கிறது. கைப்பிரேக் முழுதாக ஏறவில்லை

இருக்கை அகலம் அதிகம். அவ்வளவுதான். வாங்குமுன் அளக்க வேண்டியதை இப்போது அளக்கிறோம். சாய்மானத்தைத் திருகும் குமிழ் மட்டும் கதவில் படுகிறது என்றால், குமிழைக் கழற்றிச் சிறியதாக மாற்றலாம், அல்லது இடம் வலம் இருக்கைகளை மாற்றிப் போட்டுக் குமிழை உட்பக்கம் கொண்டுவரலாம். இருக்கையின் சட்டமே இடித்தால் வேறு இருக்கை தேடுங்கள். சிறிய இரண்டு இருக்கை விளையாட்டுக் கார்களின் இருக்கைகள் ஒடுக்கமானவை. மினிக்காரர்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கையை விரும்புவதற்கு அதுவே காரணம்.

பின்னால் ஏற வழியில்லை

நான்கு கதவுக் காரின் முன்னிருக்கையை இரண்டு கதவுக் காரில் போட்டால் இப்படித்தான். ஆரம்பகால மினியில் முன்விளிம்புக் கீலில் இருக்கை முழுதாகக் குப்புறச் சாயும். அதே கீலில் புதிய இருக்கையை வைப்பவர்கள் பின்பக்கக் கொண்டியை மறந்துவிடுகிறார்கள். பழைய இருக்கை இலேசானது, தலைத்தாங்கியும் இல்லை. புதியது அதைவிட மிகவும் கனம். பூட்டாத கீலில் அது மோதலின்போது உங்கள் முதுகோடு சேர்ந்தே கவிழும். மூன்று கதவுக் காரின் (பக்கத்துக்கு ஒன்று, பின்னால் ஒன்று) இருக்கை வாங்கினால் சாயும் அமைப்பும் கொண்டியும் அதிலேயே வந்துவிடும்.

சூடேற்றியைப் போட்டால் விளக்கு மங்குகிறது, மின்மோட்டார் நகரவில்லை

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பழைய லூகாஸ் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர். முகப்பு விளக்கும் பின்விளக்கும் பத்து, இக்னிஷன் நான்கு, வைப்பர் மூன்று. இரண்டு இருக்கைச் சூடேற்றியும் சேர்ந்து எட்டு முதல் பத்து. கணக்கு இடிக்கிறது, மீதியைப் பேட்டரி தருகிறது. ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள், அல்லது சூடேற்றியை மறந்துவிடுங்கள். வைப்பதானால் தனி ஃப்யூஸ், ரிலே இரண்டும் கட்டாயம்.

அதற்கு முன் உங்கள் கார் எந்த வகை என்று பாருங்கள். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில்கள் பல 6 வோல்ட். 1960களின் இறுதிவரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடற்கூட்டோடு இணைந்திருந்தது. அப்படிப்பட்ட காரில் இருக்கையின் மின்னணுப் பெட்டியை வழக்கம்போல் இணைத்தால் அது ஒரு நொடியில் கருகிவிடும். மோட்டார் இருக்கையை ஒருமுறை சரியான இடத்துக்கு நகர்த்தினால் போதும் என்றால், மோட்டாரின் இரண்டு கம்பிக்கும் நேராக 12 வோல்ட் கொடுங்கள். முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் நகரும். மஞ்சள் கம்பி எதுவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்தபின்.

பீட்டிலில் பின்னிருக்கையையும் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரி அதன் அடியில் இருக்கிறது. மூடியில்லாமல் விட்டால், ஆள் உட்காரும்போது இருக்கை ஸ்பிரிங் பேட்டரி முனைகளைத் தொட்டுத் தீப்பிடிக்கும். பழைய இருக்கைகளிலேயே நடந்த விபத்து இது.

ஒரு மணி நேரம் ஓட்டினால் இடுப்பின் ஒரு பக்கம் வலிக்கிறது

இருக்கை நேராக இருக்கிறது. ஸ்டியரிங்கும் மிதிகளும் நேராக இல்லை. இந்தச் சின்னக் கார்களில் முன்சக்கர வளைவு இடத்தைத் தின்றுவிடுவதால், மிதிகள் நடுமேட்டை நோக்கித் தள்ளியிருக்கும். பழைய தட்டை இருக்கையில் உடல் தானாகவே சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பக்கமேடுள்ள புதிய இருக்கை அப்படித் திரும்ப விடுவதில்லை. பிராக்கெட்டில் இரண்டு சென்டிமீட்டர் நடுவை நோக்கி நகர்த்தினாலே வலி போய்விடும். இடமில்லையென்றால் இருக்கையையே ஓரிரு பாகை திருப்பி வைக்கலாம். அப்போது இரண்டு ரெயிலும் சேர்ந்தே திரும்ப வேண்டும், இல்லையேல் மறுபடி மேலே சொன்ன முறுக்குதான்.

கீச்சென்று சத்தம்

ரெயிலில் பழைய கிரீஸ் காய்ந்து மண்ணோடு கலந்திருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக் மூடி இரும்பில் உரசும் இடத்தில் கம்பளித் துணி நாடா ஒட்டுங்கள். என் காரில் இரண்டும் செய்தும் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் ரெயிலைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். முந்தைய காரில் யாரோ தவறவிட்ட கொண்டை ஊசி ஒன்று விழுந்தது, நுனி தேய்ந்து வெள்ளியாகப் பளபளத்துக்கொண்டு.